கொழுந்து பறிப்பவருக்கும் ஒரு படிநிலை வேண்டும்: பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெருந்தோட்டக் கம்பனிகளின் பணிப்பாளர் சபைகளுக்கும், மனிதவளப் பொறுப்பாளர்களுக்கும், தோட்ட முகாமையாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் கொழும்பு அலுவலகத்தில் நிறைவேற்றுத் தரத்தில் இருக்கும் ஒருவரை மதிப்பிட ஒரு தேர்ச்சிச் சட்டகம் வைத்திருக்கிறீர்கள். அவர் இன்று எந்த மட்டத்தில் நிற்கிறார், அடுத்த மட்டத்துக்குப் போக எதைக் கற்க வேண்டும், அதற்குக் கம்பனி என்ன செய்து கொடுக்கும் என்று ஆண்டுக்கொரு முறையாவது உட்கார்ந்து பேசி எழுதுகிறீர்கள். நல்ல வழக்கம். அதே கம்பனியின் தேயிலை மலையில் இருபத்தைந்து வருஷமாகக் கொழுந்து பறிக்கும் ஒரு அம்மாவைப் பற்றி உங்களிடம் இருக்கும் பதிவு என்ன? செக்ரோலில், அதாவது நாள்வரவுப் பதிவேட்டில், ஒரு பேர், அதற்கு நேரே கிலோ. அவ்வளவுதான். போன மாதம் வேலைக்குப் பதிந்த பிள்ளைக்கும் அதே வரி, அதே பதவி, அதே நாட்சம்பளம்.

நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது கண்டியில் ஒரு நிறுவனத்தின் பயிற்சிப் பிரிவில் வேலை செய்கிறவள். தேர்ச்சிச் சட்டகம் எழுதுவதும், அது எதற்கு என்று கேட்கும் முகாமையாளர்களோடு மல்லுக்கட்டுவதும் என் அன்றாட வேலை. இந்த முறையால் வரும் நன்மையும் எனக்குத் தெரியும், இதன் பேரைச் சொல்லி நடக்கும் கூத்தும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

சம்பளம் கேட்டு இதை எழுதவில்லை. அது தொழிற்சங்கங்களும் சம்பள நிர்ணய சபையும் நீங்களும் நீண்ட காலமாக இழுபறிப்படும் விஷயம். 2021 மார்ச்சில் 1000 ரூபா, 2024 செப்டெம்பரில் 1350 ரூபா, பிறகு 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் 1550 ரூபாவும் வரவுக்கென்று அரசு கொடுக்கும் 200 ரூபாவும் என்று அந்தக் கதை போகிறது. ஆனால் அந்தக் கணக்கை ஒரு தடவை வேறு கண்ணால் பாருங்கள். வேலைக்கு வந்தால் காசு. குறித்த கிலோவுக்கு மேலே பறித்தால் காசு. இத்தனை வருஷத்தில் அந்தக் கை கற்றுக்கொண்டதற்கு எந்தப் பத்தியிலும் ஒரு சதம் இல்லை. கற்றதற்கு விலை இல்லாத இடத்தில் யார் கற்றுக் கொடுப்பார், யார் கற்க வருவார்?

எங்கள் லயத்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு, பிள்ளைகள் கட்டுநாயக்கவுக்கும் பியகமவுக்கும் போவதை நீங்கள் ஆள் பற்றாக்குறை என்று கூட்டங்களில் பேசுகிறீர்கள். போகிற பிள்ளை அங்கே எதைப் பார்க்கிறாள் என்று விசாரித்தீர்களா? ஆடைத் தொழிற்சாலைகள் பலவற்றில் உற்பத்தி வரிசைக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு திறன் அட்டவணை தொங்கும். எந்த மெஷின் தெரியும், எந்தத் தையல் வேலை தெரியும், அதில் எந்தத் தரம் என்று அவள் பெயருக்கு நேரே கட்டங்கள் இருக்கும். கட்டம் நிரம்ப நிரம்பத் தரம் ஏறும், காசும் ஏறும், சுப்பவைசர் ஆகும் வழியும் தெரியும். அங்கேயும் கஷ்டம் உண்டு, இலக்கு நெருக்கும், போடிங் அறையில் மூச்சு முட்டும். இருந்தாலும் சேர்ந்து ஒரு வருஷத்துக்குள் அவளைப் பற்றி அந்தக் கம்பனிக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட, தலவாக்கலையில் நிற்கும் அவள் அம்மாவைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. பிள்ளை திரும்பி வரமாட்டேன் என்று சொல்வதில் சம்பளத்துக்குப் பங்கு உண்டுதான். இதற்கும் உண்டு.

தேர்ச்சியை அளப்பது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று உங்கள் மனிதவளப் பிரிவுக்குத் தெரிந்திருக்கும். 1973இல் அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் ஒரு கட்டுரை எழுதினார். பரீட்சைப் புள்ளியும் படித்த பாடசாலையின் பெயரும் ஒருவர் வேலையில் எப்படி விளங்குவார் என்பதைச் சரியாகச் சொல்வதில்லை என்பதே அதன் சாரம். அமெரிக்க அரசின் வெளிநாட்டுத் தகவல் சேவைக்கு ஆள் தெரிவு செய்யும் வேலையில் அவர் செய்தது மிக எளிமையான ஒன்று. வேலையில் மிகச் சிறப்பாக விளங்குகிறவர்கள் சிலரையும், பரவாயில்லை என்ற அளவில் இருப்பவர்கள் சிலரையும் தேடிப் பிடித்தார். இரண்டு தரப்பையும் உட்கார வைத்து, நடந்த சம்பவங்களைச் சொல்லச் சொன்னார். அப்போது என்ன நினைத்தாய், என்ன செய்தாய், அடுத்து என்ன செய்தாய் என்று கிண்டிக் கிண்டிக் கேட்டார். சிறந்தவர்களிடம் இருந்து மற்றவர்களிடம் இல்லாதது எதுவோ, அதுதான் அந்த வேலையின் தேர்ச்சி. மேசையில் இருந்தபடி ஊகித்து எழுதியது அதில் ஒன்றும் இல்லை.

இதை நம் மலைக்குக் கொண்டுவந்தால் என்ன கிடைக்கும்?

எந்தத் தோட்டத்திலும், எந்த டிவிஷனிலும், கூட்டத்தில் யார் கெட்டிக்காரி என்று கேட்டால் எல்லாரும் இரண்டு மூன்று பேரைத்தான் காட்டுவார்கள். வேலையை மேற்பார்க்கும் கங்காணியைக் கேட்கவே வேண்டாம். நிரையில் நிற்கும் பெண்களையே கேளுங்கள். அந்த இரண்டு மூன்று பேரின் பின்னால் ஒரு காலைப்பொழுது நடந்து பாருங்கள். கை ஒரு செடியில் இருக்கும்போது கண் அடுத்த செடிக்குப் போயிருக்கும். தளிரை இழுக்க மாட்டாள், விரலுக்கிடையில் வைத்து முறிப்பாள். இரண்டு கையும் வேலை செய்யும், ஒரு கை மற்றதுக்குக் காத்திருக்காது. பறிக்கும் மட்டத்தைக் காட்டும் மட்டக்கம்பைச் செடியின் மேல் வைத்து, எது இன்றைக்குப் பறிக்கலாம், எது அடுத்த சுற்றுக்கு விட வேண்டும் என்று பிரிப்பாள். மொட்டு நின்றுபோன தளிரையும் முறித்துப் போடுவாள், விட்டுவைத்தால் புதுத் தளிர் வராது என்று அவளுக்குத் தெரியும். உள்ளங்கையில் கொழுந்தை அமுக்கிப் பிடிக்க மாட்டாள். அமுங்கிய கொழுந்து சூடேறிக் கூடையிலேயே சிவக்கத் தொடங்கிவிடும், பிறகு ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், டீமேக்கர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை. சரிவில் நிரையை எந்தப் பக்கத்திலிருந்து பிடித்தால் நிறை ஏறிய கூடையோடு மேலே ஏறாமல் கீழே இறங்கலாம் என்ற கணக்குவரை அவளிடம் உண்டு.

இன்னொன்றும் உண்டு. செடியில் நோய் வந்தால் முதலில் காண்பது அவள்தான். 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்ததிலிருந்து மழைக்காலமும் மூடுபனியும் சேர்ந்தால் தோட்ட முகாமையாளர்களான துரைமார் அதற்காகக் கவலைப்படுகிறார்கள், மருந்தடிக்கும் நாளைக் கணக்குப் போடுகிறார்கள். இளம் இலையில் எண்ணெய்ச் சொட்டுப் போல ஒரு புள்ளி விழும்போதே அவள் பார்த்துவிடுவாள், தினமும் அந்த இலைக்குள்தானே கை விடுகிறாள். ஆனால் அதைச் சொல்ல அவளுக்கு ஒரு வழி இல்லை. சொன்னால் கேட்பதற்கு ஒரு ஆளும் இல்லை. "ஒன்ன யாரு கேட்டா, நீ கொழுந்தப் பறி" என்ற பதில் வரும் என்று அவளுக்குப் பழக்கத்தில் தெரியும்.

இத்தனையும் தேர்ச்சிகள். எழுதலாம், வகுக்கலாம், மட்டம் பிரிக்கலாம், கற்றுக் கொடுக்கலாம். இப்போது இது தாயிடமிருந்து மகளுக்கு, பக்கத்து நிரைக்காரியிடமிருந்து புதிதாக வந்தவளுக்குக் கைமாறிக் கொண்டிருக்கிறது. மகள் கட்டுநாயக்கவுக்குப் போய்விட்டால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும். தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கியது, தலவாக்கலையில் சென்ட் கூம்ஸ் தோட்டத்திலேயே இருக்கிறது. நூறு வருஷத்து ஆராய்ச்சி அந்த மலையில் குவிந்து கிடக்கிறது. அது துரை மேசைக்கும் வெளிக்கள உத்தியோகத்தர் மேசைக்கும் வருகிற அளவுக்கு நிரைக்கு வருவதில்லை. நிரையில் இருப்பது மேசைக்குப் போவதோ அதைவிடக் குறைவு.

இந்த இடத்தில் உங்களில் சிலர், "சரி, அப்படியானால் எல்லாரையும் மதிப்பிட்டு, தேர்ச்சி குறைந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்போம்" என்று கிளம்பிவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். இது பாதிதான். மறுபாதியை விட்டுவிட்டால் இந்த முறை மலையில் இன்னொரு தண்டனைக் கருவியாகிவிடும்.

மெக்லெலண்டுக்குச் சில வருஷம் பிந்தி, 1978இல், தோமஸ் கில்பர்ட் என்ற இன்னொரு அமெரிக்கர் செயலாற்றலை ஆறு கட்டமாகப் பிரித்துக் காட்டினார். மூன்று கட்டம் ஆளுக்குள் இருப்பவை: அறிவு, உடல் மன ஆற்றல், உந்துதல். மற்ற மூன்று ஆளுக்கு வெளியே, நிர்வாகத்தின் கையில் இருப்பவை: தகவல், கருவியும் வேலைச் சூழலும், ஊக்குவிப்பு. வேலை சரியாக நடக்கவில்லை என்றால் முதலில் வெளியே இருக்கும் மூன்றையும் பார் என்றார். திருத்தச் செலவு குறைவானதும் பலன் கூடியதும் அங்கேதான் என்பது அவர் கருத்து. அநேக நிறுவனங்கள் தலைகீழாகச் செய்கின்றன. ஆளைப் பயிற்சிக்கு அனுப்புகின்றன, அல்லது ஆளைக் குறை சொல்கின்றன. நான் வேலை செய்யும் துறையிலும் இதே நோய்தான், தோட்டத்துக்கு மட்டும் உரியது அல்ல.

தகவலை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு இரண்டு மூன்று தடவை தராசு போடுகிறார்கள். கிலோ சொல்கிறார்கள், தண்ணீருக்கும் கூடைக்கும் கழிவு சொல்கிறார்கள். அதற்குப் பிறகு அந்தக் கொழுந்து என்ன ஆனது என்று பறித்தவளுக்கு ஒருபோதும் தெரியாது. ஸ்டோரில் கொழுந்தின் மாதிரியை எடுத்து, நூறில் எத்தனை பங்கு நல்ல கொழுந்து, எத்தனை முற்றல், எத்தனை அடிபட்டது என்று எண்ணுகிறீர்கள். அந்த எண் துரைக்குப் போகிறது. கொழுந்து மோசம் என்றால் அடுத்த நாள், காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் ஏச்சாக வருகிறது, யாருடைய கொழுந்து, எந்த மலை, என்ன பிழை என்ற விவரம் ஒன்றும் இல்லாமல். நல்லது என்றால் ஒன்றுமே வருவதில்லை. கொழும்புத் தேயிலை ஏலம் 1883இலிருந்து நடக்கிறது. தன் தோட்டத்துத் தேயிலை போன வாரம் என்ன விலைக்குப் போனது என்று பிரட்டுக்களத்தில் ஒரு பலகையில் எழுதிப் போட என்ன செலவாகும்? ஒரு சோக்கட்டி.

கருவியும் சூழலும். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கிலோவில் ஒளிந்து கிடக்கும் அநியாயம் இங்கேதான் இருக்கிறது. வீ.பீ. மலையில், அதாவது வெட்டுத்துண்டிலிருந்து வளர்த்த தேயிலை மலையில், நின்று பறிப்பதும் பழைய விதைத் தேயிலை மலையில் நின்று பறிப்பதும் ஒன்றா? முதலாவதில் செடி நெருக்கம், தளிர் நெருக்கம். இரண்டாவதில் செடிக்குச் செடி வெற்றிடம், வெற்றிடத்தில் புல், புல்லுக்குள் அட்டை, பற்றைக்குள் குளவிக்கூடு. குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் செய்தி வராத மாதம் மலையகத்தில் குறைவு. சுற்று பிந்தினால் கொழுந்து முற்றிப் போகும், முந்தினால் பறிக்க ஒன்றும் இராது. சுற்றை முடிவு செய்வது அவள் இல்லை. பசளை போடுவதும் போடாததும் அவள் முடிவு இல்லை. 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்து அந்த வருஷமே அது நீக்கப்பட்டது, கொழுந்து விழுந்தது விழுந்ததுதான். கொழும்பில் போட்ட ஒரு கையெழுத்துக்குப் பொகவந்தலாவையில் ஒருத்தியின் கூடை குறைந்தது. அந்தக் குறைவுக்கு எந்தக் கையைப் பயிற்சிக்கு அனுப்புவீர்கள்?

ஆகவே ஒரே ஆள், ஒரே தேர்ச்சி, இரண்டு மலையில் இரண்டு கிலோ. 18 என்றும் 20 என்றும் தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு அளவு வைத்து, அதற்குக் கீழே போனால் அரைப்பேர், அதாவது பாதி நாட்சம்பளம், என்று சொல்வதில் அளக்கப்படுவது பாதி ஆள் என்றால் மீதிப் பாதி உங்கள் மலைப் பராமரிப்பு. அந்தப் பாதிக்கும் சேர்த்து அவளே தண்டம் கட்டுகிறாள். சில தோட்டங்களில் மலையைப் பார்த்து, காலத்தைப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்கிறார்கள் என்று அறிவேன். அது எந்த அடிப்படையில் என்பது எழுத்தில் இருக்க வேண்டும், பறிக்கிறவர்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். கங்காணியின் மனநிலையைப் பொறுத்து இருக்கக் கூடாது.

ஊக்குவிப்புக்கு வருகிறேன். நிறைக்கு மட்டும் காசு கொடுத்தால் நிறைதான் வரும். மேலதிகக் கிலோவுக்கென்று கைக்காசு அறிவித்துவிட்டு, முற்றலாக, மூன்று இலை நான்கு இலையாக வருகிறதே என்று ஸ்டோரில் தலையில் அடித்துக்கொள்வதில் எனக்கு ஒரு பக்கம் சிரிப்பும் வரும். இதைவிட விசித்திரம் காலநிலையில் இருக்கிறது. ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வரண்ட காற்று அடிக்கும்போது தளிர் மெதுவாக வளரும், வாசம் ஏறும், ஏலத்தில் உலகமே அந்தத் தேயிலைக்கு விலை கேட்கும். டிம்புள பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை அதே மாதிரி. அந்த மாதங்களில்தான் கொழுந்து குறைவு. ஆக, தோட்டத்தின் பெயரை உலகத்துக்குச் சொல்லும் தேயிலையைப் பறிக்கும் காலத்திலேயே பறிக்கிறவளின் கணக்கு மெலிகிறது. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்ற கணக்கை எல்லாத் துரைமாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்த நாலரைக் கிலோ எந்தத் தரத்தில் வந்தது என்பதற்கு நிரையில் ஒரு பரிசும் இல்லை.

கில்பர்ட்டின் இன்னொரு யோசனையும் இங்கே உதவும். ஒரே மலையில், ஒரே நாளில், ஒருத்தி 30 கிலோவும் இன்னொருத்தி 15 கிலோவும் பறிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நம் வழக்கத்தில் இரண்டாமவளுக்கு ஏச்சு விழும். கில்பர்ட் அந்த இடைவெளியை வளர்ச்சிக்கு இருக்கும் இடம் என்று பார்த்தார். இடைவெளி பெரிதாக இருந்தால் நல்ல செய்தி, முதலாமவள் செய்வதைக் கண்டுபிடித்து இரண்டாமவளுக்கு எட்டச் செய்தால் அவ்வளவும் கைக்கு வரும். அதற்கு முதலாமவளை ஒரு ஆசிரியையாக ஏற்க வேண்டும். அந்த நாளில் அவள் கூடை நிரம்பாது. அந்தக் கிலோவை அவள் சம்பளத்தில் வெட்டாமல் இருக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தில்தான் நல்ல திட்டங்கள் எல்லாம் தோட்டத்தில் செத்துப் போகின்றன.

துரைமாரைப் பற்றியும் ஒரு சொல். பெரிய பாடசாலையின் பெயருக்கும் விளையாட்டு மைதானத்துப் புகழுக்கும் தனி மதிப்புக் கொடுத்து, பயிற்சித் துரையான கிரீப்பராகச் சேர்த்து, உதவி முகாமையாளரான சின்னதுரை ஆக்கிய காலம் ஒன்று இருந்தது. மெக்லெலண்ட் எதை எதிர்த்து எழுதினாரோ அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இன்று பட்டமும் பயிற்சியும் பார்க்கிறீர்கள், மாற்றம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தோட்ட முகாமையாளரின் தேர்ச்சிப் பட்டியலில் தமிழில் ஒரு முழு உரையாடலை நடத்தத் தெரிவது கட்டாயமா? ஏவவும் ஏசவும் மட்டுமல்லாமல், ஒரு தொழிலாளி சொல்லும் விளக்கத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்கு? அவருடைய ஆண்டு மதிப்பீட்டில் உற்பத்திச் செலவும் ஏக்கருக்கு இத்தனை கிலோவும் இருக்கின்றன. இந்த வருஷம் எத்தனை பேரை ஒரு படி மேலே ஏற்றினாய் என்ற கேள்வி இருக்கிறதா? இல்லாவிட்டால் நான் மேலே எழுதியதெல்லாம் வீண். தன்னை எதற்காக அளக்கிறார்களோ அதைத்தான் துரையும் செய்வார். அவர் வேறு நாட்டு மனிதர் அல்லவே.

பெண்களின் விஷயத்தை மறைத்துப் பேச முடியாது. பறிப்பவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். மேற்பார்ப்பவர்களில் பெரும்பகுதியினர் ஆண்கள். தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் வந்ததே 1984இல்தான். சம்பளம் சமமானது, ஏணி சமமாகவில்லை, பெண்களுக்கு ஏணியே வைக்கப்படவில்லை. கங்காணி வேலைக்கு என்ன தேர்ச்சி வேண்டும் என்று ஒரு தடவை நேர்மையாக எழுதிப் பாருங்கள். கொழுந்தின் தரத்தைக் கண்ணால் சொல்வது, நிரையை நியாயமாகப் பிரிப்பது, புதியவளுக்குக் காட்டிக் கொடுப்பது, தராசில் சண்டை வராமல் பார்ப்பது. உரத்த குரல் அந்தப் பட்டியலில் வராது. அந்தப் பட்டியலை வைத்துப் பார்த்தால் கங்காணியாக வர வேண்டியவர்கள் யார் என்று உங்களுக்கே விளங்கும். பெண் கங்காணிகளை வைத்த தோட்டங்கள் உண்டு. அதைக் கண்காட்சிப் படமாக அல்லாமல் வழக்கமாக ஆக்க வேண்டிய நேரம் இது.

தொழிற்சங்கங்கள் இதைச் சந்தேகத்தோடு பார்க்கும், பார்க்கத்தான் வேண்டும். மட்டம் பிரிப்பது என்றால் பிரித்தாள்வது என்ற அனுபவம் இந்த மலையில் நிறைய உண்டு. ஆகவே ஒன்றைத் தெளிவாக எழுத்தில் கொடுங்கள்: அடிப்படை நாட்சம்பளத்தை எந்தத் தேர்ச்சி மட்டமும் தொடாது. மட்டத்துக்கான கொடுப்பனவு அதற்கு மேலே வருவது, கீழே வெட்டுவதற்கு அல்ல. அதோடு, தேர்ச்சியை மதிப்பிடும் தாளும் ஒழுக்காற்றுக் கோப்பும் ஒரே அலுமாரியில் இருக்கக் கூடாது. தன் குறையைச் சொன்னால் அது நாளைக்கு வேலையிலிருந்து நிறுத்தப் பயன்படும் என்று பயந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், நீங்கள் வைத்திருப்பது ஒரு பொய்ப் பட்டியலாகத்தான் இருக்கும். "தலைமைத்துவம், குழு உணர்வு, நேர்மறைச் சிந்தனை" என்று எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும் சொற்களை இறக்குமதி செய்து ஒன்று முதல் ஐந்து வரை புள்ளி போடும் தாளைத் தயவு செய்து மலைக்கு அனுப்பாதீர்கள். அதை நிரப்பப் போகிற வெளிக்கள உத்தியோகத்தர் பாவம், எல்லாருக்கும் மூன்று போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

என்ன செய்யலாம்? ஒரு கம்பனி, ஒரு தோட்டம், அதில் ஒரு டிவிஷன் போதும். அங்கே பறிக்கும் பெண்களே தெரிவு செய்யும் நாலைந்து கெட்டிக்காரிகள், ஒரு வெளிக்கள உத்தியோகத்தர், டீமேக்கர், மாதர் சங்கத் தலைவி, சங்கத் தலைவர் எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, இந்த வேலையில் சிறப்பு என்றால் என்ன என்று தமிழில் எழுதட்டும். அதிலிருந்து மூன்று நான்கு மட்டம் பிரியும். கற்றுக்கொள்ளும் நிலை, தனியாகத் தரத்தோடு பறிக்கும் நிலை, எந்த மலையிலும் எந்தக் காலத்திலும் தரம் குறையாத நிலை, பிறருக்குக் கற்றுக் கொடுத்து நோயையும் பிழையையும் முன்கூட்டியே சொல்லும் நிலை என்று ஒரு மாதிரியாக அமையலாம். அவர்கள் வேறு மாதிரி எழுதினால் இன்னும் நல்லது. மதிப்பீடு நிரையில் நின்று பார்த்து, கேட்டு நடக்கட்டும். எழுத்துப் பரீட்சை வைத்தீர்களானால், வாழ்நாள் முழுவதும் இந்த வேலையைச் செய்து எழுதப் படிக்க வாய்ப்புக் கிடைக்காத மூத்த பெண்கள்தான் முதலில் விழுவார்கள்.

அந்த மட்டங்களை நாட்டின் தேசிய தொழில் தகைமைச் சட்டகத்தோடு இணைக்க வழி தேடுங்கள். அதில் ஏழு மட்டம் உண்டு. வகுப்புக்குப் போகாமல் வேலையிலேயே கற்றவரின் தேர்ச்சியைப் பரிசீலித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறையும் அதில் உண்டு. மேசன் வேலைக்காரருக்கும் சமையற்காரருக்கும் அந்த வழியில் சான்றிதழ் கிடைக்கிறது. செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் கைக்கும், கொழுந்து பறிக்கும் கைக்கும் அந்தக் கடதாசி கிடைத்தால், அதோடு அவர்கள் வெளிக்கள உத்தியோகத்தர் பயிற்சிக்கும் விண்ணப்பிக்கலாம், வேறு தோட்டத்துக்கும் போகலாம். போய்விடுவார்களே என்று பயப்படாதீர்கள். இப்போதும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள், கடதாசி இல்லாமல்.

சில கம்பனிகள் மலையைப் பங்கு பிரித்துக் குடும்பங்களுக்குக் கொடுத்து, வருமானத்தைப் பகிரும் முறைக்குப் போகின்றன. அது நல்லதா கெட்டதா என்பது வேறு ஒரு மடலுக்கான விஷயம், எனக்கு அதில் சில கேள்விகள் உண்டு. ஆனால் அந்த முறையில் நேற்றுவரை "நீ கொழுந்தப் பறி" என்று சொல்லப்பட்டவள், நாளைக்குப் பசளையையும் கவ்வாத்தையும் சுற்றையும் கடன் கணக்கையும் தானே முடிவு செய்ய வேண்டும். அந்தத் தேர்ச்சியைக் கொடுக்காமல் மலையை மட்டும் கையில் கொடுத்தால், நட்டத்தைப் பங்கு பிரித்ததாகத்தான் ஆகும்.

1992இல் தோட்டங்களின் முகாமைத்துவம் 22 பிராந்தியக் கம்பனிகளிடம் வந்தபோது, தனியார் முகாமைத்துவத்தின் நவீன முறைகள் வரும் என்று சொல்லப்பட்டது. ஏற்றுமதித் தரச் சான்றிதழ்கள் வந்தன, டிஜிட்டல் தராசு வந்தது, பறிக்கும் மெஷினும் வந்தது. ஆளை வளர்க்கும் முறை அலுவலகக் கதவோடு நின்றுவிட்டது.

மேற்சொன்ன ஒரு டிவிஷனை எந்தக் கம்பனி எடுக்கும், எப்போது தொடங்கும் என்று உங்கள் பதிலைத் தமிழில் எழுதி அந்தத் தோட்டத்துப் பிரட்டுக்களத்தில் ஒட்டுங்கள். சட்டகத்தை எழுத உதவி தேவைப்பட்டால் நானும் என்னைப் போல் தோட்டத்திலிருந்து போய் இந்தத் துறையில் இருக்கும் சிலரும் வரத் தயார், கூலி வேண்டாம். கூட்டத்துக்கு வந்து உட்காரும் அந்த நாலைந்து பெண்களுக்கு மட்டும் அன்றைக்கு முழுப்பேர் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
மலையகத் தோட்டமொன்றின் பிள்ளை, பயிற்சித் துறை ஊழியை